அளக்க மட்டும் போன வீடுகள்

போன மாதம் ஓர் ஆராய்ச்சி மாணவி என்னைப் பார்க்க வந்தாள். பழைய கள ஆய்வாளர்களைத் தேடிப் பிடித்துப் பேட்டி எடுக்கிறாளாம். உட்கார்ந்ததும் பதினோரு பக்கப் படிவம் ஒன்றை நீட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கினாள். கேள்விகளால் என் மனம் புண்பட்டால் பாதியில் எழுந்து போகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று அதில் அச்சிட்டிருந்தது. என் வீட்டிலிருந்து நான் எழுந்து எங்கே போவது என்று கேட்டேன். "சிரிக்காதீங்க சார், எதிக்ஸ் கமிட்டி கேப்பாங்க" என்றாள். எங்கள் காலத்துப் படிவம் ஒரே பக்கம். அதிலும் பாதி, அனுப்புநர் பெறுநர் முகவரிதான். அவளிடம் சொன்னதையும், அவள் செல்போனில் பதிவை நிறுத்திய பிறகு சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. சிதம்பரத்தில் ஒரு சந்தில், மாடிவீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து எங்கள் ஆய்வு நிலையம் நடந்தது. பெயர்ப்பலகையின் அகலத்துக்கு வீடு போதவில்லை. அந்த நிலையத்துக்கு டெல்லியிலிருந்து மானியம் வந்திருந்தது. உடல் ஊனமுற்ற குழந்தைகளுக்கான சேவைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு மானியம். இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். சேவைக்கு மானியம் இல்லை. சேவையைப் பற்றிய ஆராய்ச்சிக்குத்தான். இளம்பிள்ளை வாதம் வந்து கால் சூம்பிய குழந்தைகளுக்கு, டாக்டர் அல்லாத ஒருவன் வீட்டுக்கே போய்ப் பயிற்சி சொல்லிக் கொடுத்தால் பலன் உண்டா என்று இரண்டு வருஷம் பார்க்க வேண்டும். உண்டு என்று காட்டிவிட்டால், கடலூரில் ஒரு மையம் திறக்க இரண்டாவது மானியம் வரும். அந்த மையத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் வைத்தியம் நடக்கும். காட்டாவிட்டால் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போக வேண்டியதுதான்.

டாக்டர் அல்லாத அந்த ஒருவன் நான். பி.ஏ. பொருளாதாரம், மூன்றாம் வகுப்பு. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் உட்கார வைத்து எந்தத் தசையை நீட்ட வேண்டும், எதை மடக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து, சான்றிதழும் கொடுத்து அனுப்பினார்கள். நான் சைக்கிள் கற்றுக்கொள்வதற்கே இரண்டு மாதம் எடுத்துக்கொண்டவன்.

எங்கள் டைரக்டரின் பெயர் ஞானசிகாமணி. டாக்டர் பட்டம் உண்டு, ஆனால் புள்ளிவிவர டாக்டர். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பென்சில் இருக்கும். ஒன்று மழுங்கினால் அடுத்தது. மூன்றும் மழுங்கினால் அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம். இருபத்து நாலு வயசுப் பொடியனான என்னை "மிஸ்டர் சுந்தரம்" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தாலும் மிஸ்டர் போகாது. முடியாது என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. "பார்க்கலாம்" என்பார். நாங்கள் புரிந்துகொண்டு கீழே இறங்கிவிடுவோம்.

முதல் வேலை, குழந்தைகளைக் கண்டுபிடிப்பது. டைரக்டர் தயாரித்த தாளில் முதல் கேள்வியே இதுதான்: தங்கள் இல்லத்தில் ஊனமுற்ற குழந்தை உண்டா? கடலூர் முதுநகர் ஜங்ஷனில் இறங்கி, அங்கே போட்டு வைத்திருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் இதைக் கேட்டேன். பேன்ட் போட்ட ஒருவன் வாசலில் நின்று இப்படிக் கேட்டால் எவன் உண்டு என்பான். வீட்டில் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு வாரத்தில் கடலூரே திடகாத்திரமான ஊர் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

டைரக்டருக்கு வயசுக் கணக்கு துல்லியமாக வேண்டும். "ஆறு ஏழு இருக்கும்" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டார். அதனால் ரேஷன் கார்டைக் காட்டச் சொல்லி, அதிலிருந்து பெயரையும் வயசையும் எழுதிக்கொள்ள ஆரம்பித்தேன். அரிசிக்கும் சர்க்கரைக்கும் தட்டுப்பாடாக இருந்த காலம். இல்லாத ஆளின் பேரில் ரேஷன் யூனிட் வாங்குகிறவர்களைப் பிடிக்க ஆள் வந்திருக்கிறான் என்று தெருவில் ஒரே நாளில் பரவிவிட்டது. மறுநாள் நான் முதுநகரில் ஒரு தெருவுக்குள் நுழைந்தபோது, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரின் மனைவி அஞ்சலை, நாலு வயசுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றாள்.

"நல்லா பாத்துக்க சார். இது பழனி. உசுரோடதான் இருக்குது. கால்தான் வரல. பொய் யூனிட்டு கெடையாது."

அவளைப் பார்த்து அடுத்த வீட்டிலிருந்து ஒரு குழந்தை வந்தது. எதிர் வீட்டிலிருந்து ஒன்று. இரண்டு வாரமாக இல்லாத குழந்தைகள் மூன்று நாளில் வந்து சேர்ந்தன. நான் வாயைத் திறக்கவில்லை. எழுதிக்கொண்டே போனேன்.

டைரக்டரிடம் பட்டியலைக் கொடுத்தேன். பென்சிலைக் கீழே வைத்தார்.

"ரேஷன் ஆபீஸ்னு சொன்னீங்களா, மிஸ்டர் சுந்தரம்?"

"இல்ல சார்."

"இல்லைன்னு சொன்னீங்களா?"

"அதுவும் சொல்லல சார்."

மறுநாளே அத்தனை வீட்டுக்கும் திரும்பிப் போய், நான் ரேஷன் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு வரச் சொன்னார். போனேன். அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப எதுக்குய்யா மூணு நாளா எங்க வவுத்துல புளிய கரச்ச?" என்று கேட்டாள். ஆனால் பயிற்சி தருவோம் என்றதும் எல்லோரும் முகம் மாறிப் பேசினார்கள். உள்ளே ஒளித்து வைத்திருந்தாலும், கால் வந்தால் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் யாரும் இல்லை.

இங்கேதான் சிக்கல். எல்லோருக்கும் பயிற்சி தர முடியாது. பாதிப் பேருக்குத் தர வேண்டும். மீதிப் பாதியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்துவிட்டு மட்டும் வர வேண்டும். அப்போதுதான் வித்தியாசம் தெரியும். டைரக்டர் ஆங்கிலத்தில் இரண்டு குழுவுக்கும் நல்ல பெயர் வைத்திருந்தார். நாங்கள் கீழே உட்கார்ந்து வைத்த பெயர், சாப்பிடுற பந்தி, பார்க்குற பந்தி.

யார் எந்தப் பந்தி என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தோம். பித்தளைக் குடம் ஒன்றை வாங்கி வந்து, பியூன் கண்ணைத் துண்டால் கட்டிச் சீட்டு எடுக்க வைத்தோம். டைரக்டரே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். பழனி சாப்பிடுற பந்தி. அவன் வீட்டுக்கு அடுத்த வீட்டு மைமூன் பீவியின் மகள் ஜைனபு, ஐந்து வயசு, பார்க்குற பந்தி. கடலூரின் மறு பக்கம், செம்மண்டலத்தில், கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா கோவிந்தசாமியின் மகன் ரவி, ஆறு வயசு, அவனும் பார்க்குற பந்தி. அடுத்தடுத்த வீட்டுக் குழந்தைகளை இப்படிப் பிரித்துவிட்டு, ஒரு வீட்டில் நடப்பது மற்ற வீட்டுக்குத் தெரியாது என்று நாங்கள் நம்பினோம். கிண்ணத்தில் குழம்பு கைமாறாத நாளே இல்லாத தெரு அது. குடத்துக்கு மஞ்சள் குங்குமம் வைக்காததுதான் பாக்கி, அவ்வளவு பயபக்தியோடு இந்தத் தப்பைச் செய்தோம்.

பார்க்குற பந்தி வீடுகளில் ஒரு பக்கப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டு வருஷத்துக்குக் குழந்தையின் வழக்கத்தில் எதையும் மாற்ற வேண்டாம் என்று அதில் இருந்தது. கோவிந்தசாமி அதை இரண்டு தடவை படித்தார். என்னைவிடப் பதினைந்து வயசு பெரியவர், ஆனாலும் எனக்கு சார் போடுவார். சர்க்கார் தாள் என்றால் அவருக்கு அப்படி ஒரு மரியாதை.

"சார், வாரத்துல ரெண்டு நாள் கால்ல எண்ணெய் தடவுறோம். அத நிறுத்திடணுமா?"

எனக்குத் தெரியவில்லை. சிதம்பரம் போய்க் கேட்டேன். டைரக்டர் அரை நாள் யோசித்து, எழுத்திலேயே பதில் கொடுத்தார். எண்ணெய் தொடரலாம், இரண்டு நாள் மூன்று நாளாகக் கூடாது. கோவிந்தசாமி அந்தக் காகிதத்தை வாங்கி ஃபைலில் கோத்துக்கொண்டார். ஆபீஸில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

மைமூன் பீவி அந்த ரகம் இல்லை. கணவர் பினாங்கில் கடை வேலையில் இருந்தார். அந்த அம்மாள் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார். இரண்டு வருஷத்தில் நான் பார்த்தது அவருடைய வளையலையும் விரலையும் மட்டும். ஜைனபுவை வாசற்படியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே நின்றுகொள்வார். நான் டேப்பை எடுத்துத் தொடையை அளப்பேன், கெண்டைக்காலை அளப்பேன், ஸ்டாப்வாட்ச் வைத்து எத்தனை விநாடி காலைத் தூக்கி நிறுத்துகிறாள் என்று பார்ப்பேன், எழுதிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

மூன்றாவது தடவை திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "வந்து வந்து அளக்குறீங்களே தம்பி, என் புள்ளைக்கு என்ன பாவாடையா தைக்கப் போறீங்க?"

பதில் சொல்ல எனக்கு எந்தத் தாளிலும் எழுதிக் கொடுக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பழனிக்குப் பயிற்சி, வாரம் இரண்டு நாள், அஞ்சலை வீட்டுக் கொல்லையில். சவுக்குக் கழி இரண்டை இடுப்புயரத்தில் கட்டி, நடுவில் மணல் கொட்டி, அதில் அவனைப் பிடித்து நடக்க வைப்பேன். அதற்கு முன் முட்டியை நீட்டி மடக்கும் வேலை. குழந்தைகள் பத்து எண்ணியதும் நிறுத்திவிடும். அதனால் நான் எட்டுக்குப் பிறகு நேரே ஒன்பதுக்குப் போக மாட்டேன். எட்டு, எட்டேகால், எட்டரை, எட்டேமுக்கால் என்று இழுத்து, பத்து வருவதற்குள் ஏழெட்டு மடக்கு கூடுதலாக வாங்கிவிடுவேன். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் சொந்த மோசடி.

பிப்ரவரியில் ஜைனபுவை அளக்கப் போனேன். காலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். அவள் தூக்கினாள். முன்பு தூக்கியதைவிட உயரமாகவே தூக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு தானே எண்ணினாள். ஆறு, ஏழு, எட்டு, எட்டேகால், எட்டரை.

நான் கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டேன். சுற்றிக்கொண்டு அஞ்சலை வீட்டுக் கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு கொல்லைக்கும் நடுவிலிருந்த கீற்று வேலியில் ஆள் முகம் அளவுக்கு ஓர் இடைவெளி. அந்தப் பக்கம் சவுக்குக் கழி இரண்டு, இடுப்புயரத்தில். நடுவில் மணல்.

"என்னத்த முறைக்கிற?" என்றாள் அஞ்சலை. "அவுங்க ஊட்டு மணலு, அவுங்க ஊட்டு கழி. நீ சொல்றது காத்துல போவுது. காத்துக்கு யாரு கதவு போடுறது?"

அன்றே டைரக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதுமட்டும் இல்லை, அடுத்த வாரத்திலிருந்து பயிற்சியின்போது வேலியைப் பார்த்து நின்றுகொள்ள ஆரம்பித்தேன். பழனிக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் உரக்கப் பேசினேன். முட்டியை எங்கே பிடிக்க வேண்டும் என்பதை இரண்டு தடவை சொன்னேன். தெருவில் மற்ற பார்க்குற பந்திக் குழந்தைகளும் வரிசையாகத் தேற ஆரம்பித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். திருப்பாதிரிப்புலியூரில் நிறுத்தி டீயோடு ஒரு வடையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுச் செம்மண்டலம் போவேன்.

செப்டம்பரில் டைரக்டர் எல்லாத் தாளையும் விரித்துப் போட்டுப் பார்த்தார். முதுநகரில் இரண்டு பந்திக்கும் வித்தியாசமே இல்லை. பயிற்சி பெற்ற குழந்தையும் தேறியிருக்கிறது, பெறாத குழந்தையும் தேறியிருக்கிறது. அப்படியானால் பயிற்சி வெட்டிவேலை என்று அர்த்தம். டெல்லி மையத்துக்குப் பணம் தராது. மூன்று பென்சிலும் மழுங்கும் வரை மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்தார். தன் கூட்டலில்தான் தப்பு என்று நினைத்தாரே தவிர என்னைச் சந்தேகப்படவில்லை. அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் இருவரும் கடலூருக்குப் பாசஞ்சரில் போனோம். புதுச்சத்திரம் தாண்டியதும் சொல்லிவிட்டேன்.

"எந்தத் தேதியிலேர்ந்து?" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சது பிப்ரவரி சார்."

"இது செப்டம்பர்." ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "ஏழு மாசமா நீங்க எனக்குப் பொய்த் தாள் குடுத்திருக்கீங்க, மிஸ்டர் சுந்தரம்."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆலப்பாக்கம் வருவதற்குள் முடிந்திருக்கும். ஜங்ஷனில் இறங்கியதும் எனக்கு முன்னால் நடந்தார்.

மைமூன் பீவி வீட்டு வாசலில் போய் நின்று, திரையைப் பார்த்து, மிக மரியாதையாகக் கேட்டார். "அம்மா, அந்தப் பயிற்சியெல்லாம் நீங்களும் செய்யறீங்களா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "செய்யுறேன். பக்கத்து ஊட்டுப் புள்ள நடக்கும்போது எம்புள்ளைய உக்கார வெச்சி வேடிக்கை காட்டச் சொல்றீங்களா சார்? உங்க கணக்குக்கு ஆவாதுன்னா ஜைனபு பேரை அடிச்சிடுங்க. வேலிய மட்டும் அடச்சிடாதீங்க."

"பார்க்கலாம்" என்றார் டைரக்டர். முடியாது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்த ஒரு தடவை அதற்கு வேறு அர்த்தம். சிதம்பரம் திரும்பியதும் முதுநகர்க் குழந்தைகள் எல்லோரையும், இரண்டு பந்தியையும், கணக்கிலிருந்து அடித்துவிட்டார். நடந்தது என்ன என்று டெல்லிக்கு ஒளிக்காமல் எழுதினார். வேலியைத் தொடவில்லை. பழனிக்குப் பயிற்சியை நிறுத்தச் சொல்லவும் இல்லை. என் சத்தத்தைக் குறைக்கச் சொல்லவும் இல்லை.

மிச்சம் இருந்தது செம்மண்டலமும் இன்னும் சில இடங்களும். அங்கெல்லாம் ஆளுயரக் காம்பவுண்டுச் சுவர்கள். கிண்ணம் கைமாறாத வீடுகள். டைரக்டரிடம் ஒருநாள் கேட்டேன். "பலன் இருக்குன்னு நமக்கே தெரிஞ்சு போச்சே சார். மிச்சப் பேருக்கும் சொல்லிக் குடுத்துட்டா என்ன?"

"முடியறதுக்கு ஆறு மாசம் இருக்கு. முதுநகர் போச்சு. இதுவும் போச்சுன்னா டெல்லிக்குக் காட்ட ஒண்ணும் கிடையாது. அப்புறம் மையமும் கிடையாது. யாருக்கும் கிடையாது. நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. இன்றைக்கும் எனக்குத் தப்பு தெரியவில்லை, அதுதான் எரிச்சல். அந்த ஆறு மாதத்தில் இரண்டு தடவை கெடிலம் பாலத்தைத் தாண்டிப் போய் ரவியை அளந்தேன். காபி கொடுத்தார்கள். குடித்தேன். முட்டி நீளாமல் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கி இறுகிக்கொண்டு வருவதைக் கண்ணால் பார்த்தேன். கோணத்தை எழுதிக்கொண்டேன். கோவிந்தசாமியும் என்னோடு கூடவே தன் நோட்டில் எழுதிக்கொண்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் உளறியிருப்பேன். முதுநகரில் அவர்கள் திருடினார்கள், நான் பார்க்காதது மாதிரி இருந்தேன், அது சுலபம். செம்மண்டலத்தில் நானாக எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

முடிவைப் பார்க்க டெல்லியிலிருந்து ஒருவர் வந்தார். கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு கடலூர் வெயிலில் வெந்துபோனார். செம்மண்டலத்தில் ரவியைப் பார்த்தார், என் தாளைப் பார்த்தார், கோவிந்தசாமியின் நோட்டையும் வாங்கிப் பார்த்தார். இரண்டிலும் ஒரு எண் மாறவில்லை. இவ்வளவு நம்பகமான குடும்பத்தைத் தான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை என்றார். அதை நான் தமிழில் சொன்னபோது கோவிந்தசாமிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. கணக்கில் இரண்டு பந்திக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. இரண்டாவது மானியம் வந்தது.

திருப்பாதிரிப்புலியூரில் மையம் திறந்தோம். பழனியும் ஜைனபுவும் அதற்குள் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தார்கள். ஒன்றாகவே நொண்டி நொண்டிப் போவார்கள், சண்டை போட்டுக்கொண்டே. மைமூன் பீவி மையத்துக்கு வரவேயில்லை. வர வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

மையத்தில் முதல் பெயர் ரவி. பார்க்குற பந்திக் குழந்தைகளுக்குத்தான் முன்னுரிமை என்று டைரக்டரே எழுதியிருந்தார். அன்று ஒரு எலும்பு டாக்டரை வரவழைத்திருந்தோம். அவர் ரவியின் முட்டியைப் பிடித்து நீட்டிப் பார்த்தார். நீளவில்லை. கொஞ்சம் அழுத்தினார். பையன் அலறினான். இரண்டு வருஷம் முன்னால் தினமும் நீட்டிவிட்டிருந்தால் போதும், இனி பயிற்சியில் வராது, பட்டணம் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து பார்க்க வேண்டும், நிச்சயம் சொல்ல முடியாது என்றார். சொல்லிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார். டைரக்டர் அறை மூலையில் நின்றிருந்தார். வெளியே போய்விட்டார்.

கோவிந்தசாமி மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். அக்குளில் அந்த ஃபைல்.

"நாங்க எதையும் மாத்தலியே சார். நீங்க சொன்னபடியேதான வெச்சிருந்தோம்" என்றார்.

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. எங்கேயாவது தாங்கள் தவறிவிட்டோமா என்று கேட்கிற குரல். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவர் பையனை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, ஃபைலை மேஜையில் பிரித்து வைத்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இனிமே என்ன செய்யணும்னு சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்."